சைக்கிள் உழக்கிக் கேட்ட நத்தார்ப் பாட்டுகள்

தொண்ணூறாம் ஆண்டில் மின்சாரம் போன பிறகு, சண்டிலிப்பாயில் பாட்டுக் கேட்கக் காது மட்டும் போதவில்லை, காலும் தேவைப்பட்டது. போர்க்காலம், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பற்றரி வர அரசாங்கத் தடை. ஆகவே சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்த வேண்டும். டைனமோவை ரயரில் அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப்ரெக்கோடருக்குக் கொடுக்க வேண்டும். பிறகு ஒருவர் ஏறியிருந்து பெடலை உழக்கினால் பாட்டு வரும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் மருதனார்மடத்தில் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பொன்றில் பௌதிகம் படிப்பித்தேன். எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்காமலும் எந்த ஆளையும் துருவித் துருவிக் கேட்காமலும் என்னால் இருக்க முடியாது. அம்மா அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்திருந்தார். நான் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முன்னறையில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அக்கா என்று நான் கூப்பிடுகிற ஒரு பெண், அவருடைய கணவர், மூன்று வயதுப் பிள்ளை. ஷெல் விழுந்து வீடு எரிந்துபோக, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தவர்கள். அகப்பட்டவற்றில் ஒரு மாதா படமும், பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு கசெற்றும் இருந்தன. அது நத்தார்க் கசெற், கிறிஸ்துமஸ் பாட்டுகள். நத்தாருக்கு நாலு கிழமைக்கு முன்னர், திருவருகைக் காலம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா அந்தப் பையை அவிழ்ப்பார். நான் பொறுமையில்லாமல் ஆவணியிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி, உங்கடை கோயிலிலை தேருக்கு முதல் தீர்த்தம் ஆடுவியளோ? கார்த்திகை முடியட்டும்," என்றார் அக்கா.

அவிழ்த்த பிறகு எங்களுக்குக் கொண்டாட்டம்தான். பின்னேரம் நாலரை மணிக்கு ரியூட்டரியிலிருந்து வந்து தேத்தண்ணீர் குடித்ததும் சைக்கிளில் ஏறிவிடுவேன். கசெற்றின் முதல் பக்கத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஆங்கிலப் பாட்டுகள். அதில் வாத்தியமே இல்லாமல் பல குரல்கள் மட்டும் பாடுகிற ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும். ஒவ்வொரு வரி முடிந்த பிறகும் அந்தக் கடைசிச் சொல் கட்டடத்துக்குள் சுற்றித் திரிந்துவிட்டு மெல்ல ஓய்கிறது. எதிரொலி இவ்வளவு நேரம் நிற்பதென்றால் அந்தக் கோயில் எவ்வளவு பெரியதாக இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தெருவான ஒழுங்கையின் முழு நீளம் வந்தது. அதே பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஒருவர் இருமுவார். அவருக்குச் சளித் தடிமனா, புகைக்கிற பழக்கமா என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். எங்கோ குளிர்நாட்டில் இருமியவருக்கு நான் சைக்கிள் உழக்கிக் கேட்டது தெரிந்திருக்காது.

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். ஆனால் மரக்கறி வெட்டிக்கொண்டே, "அந்த மணி கிலுக்கிற பாட்டை ஒருக்காப் போடு," என்று குசினிக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். போட்டால், தேங்காய் துருவும் சத்தம் அந்த மணிக்கு ஏற்ற தாளத்தில் வரும். நான் அதைச் சொல்லிச் சிரித்தால், "நீ உன்ரை அலுவலைப் பார்," என்பார்.

கசெற்றின் மற்றப் பக்கம் குருநகர். கோயிலில் பாடகர் குழு பழகும்போது அவர்களே பதிந்துகொண்டது. ஆர்மோனியம், டோலக், நடுவில் ஒரு குழந்தை அழுகிற சத்தம், கதவு அடிபடுகிற சத்தம். யாரோ ஒருவர் "துவங்குங்கோவன்" என்று சலித்துக்கொள்வதும் கேட்கும். வெளிநாட்டுப் பாட்டுகளில் இந்தச் சுவை இல்லை. மூன்றாவதாக வருவது இடையர்களைப் பற்றிய பாட்டு. எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு போகும்போது, நடுவில் ஓர் ஆண் குரல் மட்டும் தனியே நாலு வரி பாடும். அது அக்காவின் அண்ணன்.

தகப்பன் இல்லாத வீடு அது. அண்ணன் பதினைந்து வயதில் மீன்பிடிக்க வள்ளம் ஏறினார். தாயையும் தனக்குக் கீழே இருந்த ஐந்து பேரையும் அவர்தான் பார்த்தார். அந்தப் பாட்டுப் பதிந்த அடுத்த வருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. அப்போது அக்காவுக்குப் பதினாறு வயது.

"அண்ணை கரையிலை நிண்டு கூப்பிட்டாரெண்டால் வீட்டுக்குள்ளை இருக்கிற எங்களுக்குக் கை நடுங்கும். அவ்வளவு கனத்த குரல்," என்று அக்கா சொல்லியிருந்தார். அண்ணனின் படங்கள் வீட்டோடு எரிந்துவிட்டன. மிஞ்சியது அந்த நாலு வரிதான்.

அங்கேதான் சிக்கல். எங்கள் ரேப்ரெக்கோடர் பழையது. மோட்டரின் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கிற பகுதி அதில் எப்போதோ செத்துவிட்டது. நான் வேகமாக உழக்கினால் பாட்டும் வேகமாக ஓடும், குரல் மெலியும். களைத்துப்போய் மெதுவாக உழக்கினால் குரல் தடிக்கும். இருமியவருக்கு அது பெரிய விஷயமில்லை. அக்காவுக்கு அப்படியில்லை. முதல் வருடம் நான் உழக்க உழக்கக் கேட்டுவிட்டு, "இது அண்ணையில்லை," என்றார். அடுத்த நாள் நான் சோம்பலாக உழக்கினேன். "ஓம், இதுதான்! இதுதான் அண்ணை!" என்று எழும்பியே விட்டார். அதற்கு அடுத்த நாள் முகம் வாடிப்போய் வந்து நின்றார்.

"நேற்றுக் கேட்டதும் அவரில்லைப் போலை கிடக்கு."

இரண்டாம் வருடம் நிலைமை இன்னும் மோசமானது. ஒரு பின்னேரம் நாலு வரியும் முடிந்ததும் அக்கா கையை நீட்டி ரேப்ரெக்கோடரை நிறுத்தினார்.

"தம்பி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரல் கேட்டுக் கேட்டு, எனக்கு அவரின்ரை உண்மையான குரலே மறந்துபோகுது. முந்தி கண்ணை மூடினால் கேக்கும். இப்ப கண்ணை மூடினால் உங்கடை சைக்கிள் சத்தம்தான் கேக்குது. இனி இதைப் போடாமல் விடுவமோ?"

எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்கிறேன் என்று நினைத்து, நான் ஒரு மனிதரின் குரலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது. அதே நேரம், உண்மையைச் சொல்ல வேண்டும், தலைக்குள் ஒரு கேள்வி குடையவும் தொடங்கிவிட்டது. சரியான வேகம் எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு நாள் யோசித்தேன். ரியூட்டரியில் பெடியங்களுக்கு அதிர்வெண் படிப்பிக்கும்போது விடை வந்தது. பாட்டில் கேட்கிற ஏதாவது ஒன்று இன்னும் உலகத்தில் இருக்க வேண்டும். அதன் சத்தத்தையும் கசெற்றில் வருகிற சத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒன்றாகிற வேகம்தான் சரியான வேகம். வீட்டுக்கு ஓடிவந்து அக்காவைத் துளைக்கத் தொடங்கினேன். டோலக் இருக்கிறதா? தோல் கிழிந்துவிட்டதாம். கோயில் மணி? பாட்டில் மணிச் சத்தம் இல்லை. ஆர்மோனியம்?

"அது இருக்கு," என்றார் அக்கா. "எங்கடை ஆக்கள் உடுப்பை விட்டிட்டு அதை வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்தவை. இப்ப பூசை வைக்கிற சிற்றாலயத்திலைதான் நிக்குது. வாசிச்சவரும் அங்கைதான்."

மார்கழி மாதத்து ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, நானும் அக்காவும் சைக்கிளும் ரேப்ரெக்கோடருமாகச் சிற்றாலயத்துக்குப் போனோம். அது இரண்டு சைக்கிள் நிறுத்தினால் நிறைந்துவிடுகிற அளவு கட்டடம். ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஐம்பது வயதுக்காரர், பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற நல்ல முசுப்பாத்தியான ஆள். நான் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குள்ளை எங்கை தம்பி பயணம்?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பாட்டு எந்தக் கட்டையில் தொடங்கியது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒன்பது வருசத்துக்கு முன்னம் எந்தக் கட்டையிலை விரல் வைச்சனெண்டு இப்ப ஆருக்குத் தெரியும்? பாடுறவையின்ரை தொண்டையைப் பாத்து வைக்கிறதுதானே."

என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு அந்தரமாகிவிட்டது. ஒரு வேகத்தில் உழக்கினால் பாட்டின் முதல் ஒலி ஒரு கட்டையோடு பொருந்தியது. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் பக்கத்துக் கட்டையோடும் அதே அளவுக்குப் பொருந்தியது. இன்னும் கூட்டினால் அதற்கடுத்ததோடு. எல்லாமே சரியாக இருந்தால் எது சரி? அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பாட்டின் தொடக்கத்தைத் திரும்பவும் போட்டேன். உழக்கினேன். அப்போதுதான் ஒன்று காதில் பட்டது. தொடக்கத்தில் ஆர்மோனியம் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒலிக்கு அடியில், பேப்பரை உரசினது போல ஒரு கரகரப்பு. கசெற் பழசாகிப் போனதால் வருகிறது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மற்ற ஒலிகளில் அது இல்லை. ஒரே ஓர் ஒலி வரும்போது மட்டும்தான் வருகிறது.

"ஐயா, உங்கடை பெட்டியிலை கரகரக்கிற கட்டை ஏதும் இருக்கோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினார். கரகரவென்று அதே சத்தம். "இந்தச் சனியன் அப்ப தொட்டு இப்பிடித்தான். உப்புக் காத்திலை உள்ளுக்கிருக்கிற பித்தளை நாக்குக் களிம்பு பிடிச்சுப்போச்சு. கழற்றித் திருத்த வேணுமெண்டு பதினைஞ்சு வருசமாச் சொல்லுறன்," என்றார்.

திருத்தாமல் விட்ட அவருடைய சோம்பலுக்கு நான் கும்பிடாத குறை. கசெற்றில் கரகரக்கிறது இந்தக் கட்டைதான், இதோடு பொருந்துகிற வேகம் ஒன்றுதான் சரி. அவர் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் உழக்கினேன். என் வழக்கமான வேகத்தில் கசெற்றின் ஒலி கீழே நின்றது. மோட்டர் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் இவ்வளவு நாளும் நான் மெதுவாகத்தான் உழக்கி வந்திருக்கிறேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இரண்டு ஒலிகளும் நெருங்கும்போது காற்று அலைவது போல ஒரு துடிப்பு வந்தது. துடிப்பு மெதுவாகி, மெதுவாகி, நின்றது. ஆர்மோனியம் எது, கசெற் எது என்று பிரிக்க முடியவில்லை.

"பிடிச்சாச்சு! பிடிச்சாச்சு!" என்று கோயில் என்பதையும் மறந்து கத்தினேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பல்கலைக்கழகக் கடிதம் வந்திருந்தால்கூட அவ்வளவு துள்ளியிருக்க மாட்டேன். பெடலின் சுற்றை மணிக்கூடு வைத்து எண்ணிக்கொண்டேன். பிறகு கசெற்றைப் பென்சிலால் சுற்றி இடையர் பாட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அக்கா ரேப்ரெக்கோடருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, சீலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் பாடினார்கள். டோலக் அடித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகம் குறையாமல் உழக்கினேன். பிறகு அந்த நாலு வரி வந்தது.

கரையிலிருந்து கூப்பிட்டால் வீட்டுக்குள் கை நடுங்கும் என்று கேட்டிருந்த எனக்கு முதலில் வேறு யாரோ என்றுதான் பட்டது. கனத்த குரல் இல்லை. உயர்ந்த இடத்தில் கொஞ்சம் பிசகி, வெட்கப்பட்டுத் திரும்பி வந்து சேர்கிற குரல். உடைந்து அதிக காலம் ஆகாத குரல். என் ரியூட்டரியில் பின்வரிசை வாங்கில் இருக்கிற பெடியங்கள் இதைவிடத் தடித்த குரலில் கதைப்பார்கள். ஆர்மோனியம் வாசித்தவர் மட்டும் தலையை ஆட்டினார். "அவன்தான். உப்பிடித்தான் பாடுவான்," என்று மெல்லச் சொன்னார்.

அக்கா கையால் திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். என் தொடை கடுத்தது. வியர்வை கண்ணுக்குள் போனது. சரியான வேகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேனா, அல்லது அவர் இத்தனை வருடம் காத்து வைத்திருந்த அண்ணனைப் பறித்துவிட்டேனா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை நாலு வரியும் முடிந்து, எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கியபோது அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"உங்களை விடச் சின்னப் பெடியன், தம்பி," என்றார். குரல் உடைந்து அழுகை வந்தது. "இந்தக் குரலுக்கோ நாங்கள் பயந்து நடுங்கினனாங்கள்? இந்த வயசிலையோ எங்கள் அஞ்சு பேரையும் பாத்தவன்? அப்ப அவனை ஆர் பாத்தது?"