சிங்கமுகத்திக்கு விழுந்த ஏச்சு

மனைவியின் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்த நாளோடு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்கும் வரமாட்டாள். மாதக்கணக்கில் இப்படியே போக, வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் டாக்டர். ரொறன்ரோக் குளிரில் எங்கே போவது? ஒரு மியூசியத்துக்குப் போனோம்.

எகிப்துப் பகுதியில், சிங்க முகத்தோடு ஒரு பெண் கருங்கல் சிலையாக உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்டுப் பழைய தெய்வமாம். மனைவி அதன் முன்னால் நின்று திடீரென்று கத்தத் தொடங்கினாள்.

"உனக்குக் கண் தெரியேல்லையே? என்ர தம்பி என்ன பிழை செய்தவன்? கல்லு மாதிரி இருக்கிறாய்!"

"கல்லுத்தானப்பா அது. வாரும், சனம் பாக்குது" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

காவலாளி ஓடிவந்தான். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பொலிஸைக் கூப்பிட்டால் தொலைந்தோம் என்று பயந்தேன். அவனோ தான் உட்காரும் கதிரையைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். அவள் அதில் இருந்துகொண்டு தொண்டை கட்டும்வரை ஏசினாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"ஏசிறதெண்டால் எங்கட முருகன் இல்லையே? பேர் தெரியாத கல்லோட என்ன கதை?"

"அவரோட நான் கோவம். கதைக்கிறேல்லை" என்றாள்.

காவலாளி ஏன் கதிரை கொடுத்தான் என்பது எனக்கு விளங்குகிறது. இவள் செய்தது இன்றுவரை விளங்கவில்லை. அத்தனை மாதமும் அதே வீட்டில் நானும்தானே இருந்தேன்? அந்த ஏச்சை எனக்கு ஏசியிருக்கலாமே.