போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள்

நான் எழுதிய நாலு வரி மெயில் ஒன்றால் ஒரு அம்மாளுக்கு வேலை போகப் பார்த்தது. ஆபீஸில் மேஜை, நாற்காலிகளைப் பார்த்துக்கொள்கிற ஃபெசிலிட்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "மானிட்டரை எந்த உயரத்துல வைக்கணும் சார்?" என்று கேட்டால் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். உயரம் அப்புறம்.

1. டேப்பும் நானும்

பாலக்கரையில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் ஃபிட்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பிறகு தில்லை நகரில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் ஃபெசிலிட்டி சூப்பர்வைசர் ஆனேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு நம்பரைப் போடுகிற வேலை அங்கே. அதனால் ஆளுக்கு இரண்டு மானிட்டர். ஒன்றில் ரெக்கார்டு, இன்னொன்றில் கோடு போடும் சாஃப்ட்வேர்.

புது மேஜைகளோடு மானிட்டர் ஆர்மும் வந்தது. மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டுப் பூட்டுகிற இரும்புக் கை அது. மானிட்டரை ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம். சப்ளை செய்தவர்கள் எனக்கு ஒரு நாள் ட்ரெயினிங் கொடுத்தார்கள். ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். கையை நீட்டினால் தொடுகிற தூரம். அதிகம் பார்க்கிற மானிட்டர் நேர் எதிரே. அவ்வளவுதான் பாடம். அந்த ஒரு நாள் படிப்பை வைத்துக்கொண்டு, டேப்பைக் கழுத்தில் மாட்டி, பெரிய டாக்டர் போலத் திரிந்தேன். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பக்கவாட்டில் போனில் ஒரு போட்டோ எடுத்து, அதைப் பார்த்து ஆர்மைப் பூட்டினேன். "சூப்பர்ணே" என்றார்கள் எல்லாரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. நாலு வரி

கோமளா மேடம் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். ஐம்பதை நெருங்கும்போது கிடைத்த முதல் வேலை. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு கோர்ஸ் படித்து, பரீட்சை எழுதி உள்ளே வந்தவர். தன் பிள்ளைகள் வயசுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர்களைவிடத் தப்புக் குறைவாகக் கோடு போடுவார்.

ஆர்ம் மாட்டிய இரண்டாவது மாதம் கழுத்து வலி என்றார். போய் டேப் பிடித்தேன். அளவு அரை இஞ்ச்கூட மாறவில்லை. நாற்காலியை மாற்றினேன், காலுக்கு ஃபுட்ரெஸ்ட் வைத்தேன். வலி தோளுக்கு இறங்கியதுதான் மிச்சம். ஒரு நாளைக்கு இத்தனை ரெக்கார்டு என்ற டார்கெட்டை எட்ட முடியாமல் போக ஆரம்பித்தது.

டீம் லீடர் பிரவீன் நல்ல பையன்தான். அவனுக்கும் மேலேயிருந்து கேள்வி.

"அண்ணே, அவங்க சீட்ல ஏதாச்சும் குறை இருக்கான்னு எச்.ஆர்.ல கேக்குறாங்க. பாத்துட்டு ஒரு மெயில் போட்டுடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் மாட்டியதில் குறையா? சீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். எல்லாம் அளவுப்படி இருக்கிறது, குறை எதுவும் இல்லை என்று நாலு வரி. சாட்சிக்கு அந்தப் பக்கவாட்டு போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன்.

சீட்டில் குறை இல்லையென்றால் ஆளிடம் குறை என்றுதானே ஆகும்? வயசாகிவிட்டது, முடியவில்லை என்று பேச்சு கிளம்பியது. அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. இரண்டு வாரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

3. சீரியல் நம்பர் எடுக்கப் போனது

நோட்டீஸ் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஆள் போவதற்கு முன் மானிட்டர்களின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்வது வழக்கம். சாயங்காலம் நாலு மணிக்குப் போனேன். ஒரு ரெக்கார்டை முடித்துக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பக்கத்தில் நின்றேன்.

ராஜகோபுரத்தடியில் நின்று உச்சியைப் பார்ப்பவர் போல மோவாயைத் தூக்கி அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தலையோடேயே வலது மானிட்டருக்குத் திரும்புகிறார், இடதுக்குத் திரும்புகிறார், திரும்ப வலது. மூக்கில் பைஃபோகல் கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, கீழே ஒரு துண்டு கிட்டத்துக்கு. அந்தக் கீழ்த்துண்டு வழியாக ஸ்கிரீனைப் படிக்க வேண்டுமென்றால் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

"மேடம், அன்னைக்கு நான் போட்டோ எடுத்தப்ப கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"போட்டோக்கு யாராவது கண்ணாடி போட்டுப்பாளா சார்? கழட்டி மடியில வச்சுண்டேன்."

போனை எடுத்துப் பார்த்தேன். முதுகு நேராக, முந்தானை சரியாக, தலை நேராக. மடியில் கண்ணாடி. இத்தனை மாதம் என் போனிலேயே இருந்திருக்கிறது. மெயிலில் வேறு அனுப்பியிருக்கிறேன், அறிவுகெட்டவன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் எந்திரிங்க மேடம்."

இரண்டு ஆர்மையும் அடிவரை இறக்கினேன். ஸ்கிரீனின் கீழ் விளிம்பு மேஜையைத் தொடாத குறை. மேல்பக்கத்தைப் பின்னால் சாய்த்து, கொஞ்சம் கிட்டே இழுத்தேன். உட்கார்ந்தார். ஒரு பக்கம் படித்தார், மறு பக்கம் படித்தார். தலை குனிந்தபடியே இருந்தது.

"ஏன் சார், இவ்வளவுதானா?" என்றார். சிரிப்பார் என்று பார்த்தால் கண் கலங்கிவிட்டது. "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்பா. நான் நாள் பூரா அண்ணாந்து பாத்து வலியை வாங்கிண்டிருக்கேன். எனக்கு வயசாயிடுத்துன்னு நானே நம்பிட்டேனே சார். ஆத்துல போய் சும்மா உக்காரணுமேன்னு ராத்திரியெல்லாம் பயம்."

மன்னிப்புக் கேட்டேன்.

4. இன்னொரு மெயில்

பிரவீன், "எல்லாம் முடிஞ்சுபோச்சேண்ணே, இப்ப வந்து சொல்றீங்களே" என்று தலையைச் சொறிந்தான். அன்றே எச்.ஆருக்கு எழுதினேன். 'சீட்டில் குறை இருந்தது. குறை வைத்தது நான். ஆளிடம் குறை இல்லை.' முந்தைய மெயிலைவிடச் சின்னது, எழுத ஒரு மணி நேரம் ஆனது. ராஜினாமாவை நிறுத்திவைத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

வலி மந்திரம் போட்ட மாதிரி ஒரே நாளில் போய்விடவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தார், மானிட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கண்ணாடி மாறியதும் நானே போய் ஆர்மை மறுபடி கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். மாதம் முடிவதற்குள் பழையபடி டார்கெட்டை எட்டினார். ராஜினாமாக் கடிதத்தை அவரே திரும்ப வாங்கிக் கிழித்தார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் நிமிரச் சொல்லி அளவு எடுத்ததில்லை. அளவு எடுக்கிறோம் என்று தெரிந்தால் எல்லாரும் அழகாகத்தான் உட்காருவார்கள். நாலு மணிக்கு, அசந்துபோய், வேலையில் மூழ்கியிருக்கும்போது போய்ப் பாருங்கள். கழுத்து அப்போதுதான் உண்மையைச் சொல்லும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் டேப்பை நம்பாதீர்கள், அவரை நம்புங்கள்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்ற அன்று மாடியில் குரூப் போட்டோ எடுத்தார்கள். கேமராவைத் தூக்கியதும் வழக்கம்போல ஆளாளுக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்கள். பின் வரிசையிலிருந்து கோமளா மேடம் குரல் கொடுத்தார்.

"நான் கழட்ட மாட்டேன் சார். நீங்க அளவு எடுத்தாலும் எடுப்பேள்."

காட்டூரில் என் வீட்டுச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் அதில் நிற்கிறார்கள். கண்ணாடியோடு நிற்பவர் ஒருவர்தான்.