மழை நாளில் வெடித்த துப்பாக்கியும் எங்கள் அண்ணனும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கம் கூறி எழுதுகிறேன். நல்லவற்றை மட்டும் எழுது என்றார்கள் சிலர். அண்ணன் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

அவர் பிறந்தது இதே பினாங்கில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கூலி வீடுகளில். அப்பா கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர். அப்பாவும் அம்மாவும் ஒரே ஆண்டில் காய்ச்சலுக்குப் பலியானபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. பீச் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில், தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் துப்பாக்கிப் பட்டறையில் அவர் வேலை பார்த்தார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். தாம் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வேலை, வெள்ளைக்காரர்கள் மண்தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுட்டுப் பழகும் மைதானத்தில். சுடுபவர் பக்கத்தில் நின்று தோட்டா எடுத்துக் கொடுப்பார். அங்கே வரும் தோட்டத்துத் துரை ஒருவரிடம் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு விசையை இழுத்தால் சில சமயம் இரண்டு குழலும் சேர்ந்து வெடித்தன. அதை அண்ணனிடம் கொடுத்தார்கள். அவர் உள்ளே தளர்ந்திருந்த இரும்பு வில்லை மாற்றி, பட்டறையில் பல தடவை சோதித்து, "சரியாயிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, மழை நாளில், துரை தோட்டா போட்டுத் துப்பாக்கியை மூடினார். விசையைத் தொடவேயில்லை. இடது குழல் தானாக வெடித்தது. குழல் தரையைப் பார்த்து இருந்ததால் என் வீட்டுக்காரர் உயிர் பிழைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

தவுக்கே அண்ணனிடம், "நீ ஒன்னும் பேசாதே லா. துரை கை பட்டிருக்கும்னு சொல்லிடலாம்" என்றாராம்.

"நான் பார்த்துக் கொடுத்த சாமான் தவுக்கே. துரை மேல எப்படிப் பழி போடுறது?" என்று சொல்லிவிட்டு அண்ணன் நேரே துரையின் பங்களாவுக்குப் போனார். "குறையை நான் முழுசாக் கண்டுபிடிக்கல துரை. நல்லாயிருக்குன்னு கொடுத்தது என் தப்பு" என்றார். அந்தச் சனியனைக் கடலில் எறியச் சொன்னார் துரை. "எறிஞ்சிட்டா என்ன தப்புன்னு தெரியாமலே போயிடும். எங்கிட்ட கொடுங்க" என்று அண்ணன் கேட்டு வாங்கிவந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவரைப் பார்த்து, "இனிமே என் வீட்டுப் படி ஏறாதீங்க" என்றேன். அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆனாலும் நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்காரரை வந்து பார்த்திருக்கிறார். வெறும் துப்பாக்கியை மூடி மரச்சுத்தியலால் எத்தனை தட்டுத் தட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வருந்தியிருக்கிறார். அப்போது இவர், "மச்சான், வெயில் காலத்துல ஒன்னும் ஆகல. அன்னிக்குக் காலையில இருந்து மழை. கட்டையெல்லாம் ஊறிப் போயிருந்துச்சு" என்றாராம். அண்ணன் எழுந்து பட்டறைக்கு ஓடினாராம்.

துப்பாக்கியின் மரக்கட்டையை ஈரச்சாக்கில் மூன்று நாள் சுற்றி வைத்தார். பிறகு தட்டினார். நாலாவது தட்டில், இடது குழலின் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி தானாக விழுந்தது. விளக்குப் புகையைத் துப்பாக்கியின் உள் இரும்பில் பிடித்து, கட்டைக்குள் பொருத்தி எடுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் மரத்தின் மேல் கரி ஒட்டியிருந்தது. சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் வாலை அங்கேதான் ஊறிய மரம் அழுத்தியிருக்கிறது. நுனி தேய்ந்த கொக்கி, காய்ந்த நாளில் எப்படியோ பிடித்துக்கொண்டது. ஈர நாளில் மயிரிழையில் தொங்கியது. அண்ணன் மரத்தைச் சுரண்டி, எண்ணெய் ஊட்டி, கொக்கியைப் புதிதாகச் செய்து, மறுபடி ஈரச்சாக்கில் வைத்துத் தட்டினார். சுத்தி விழவேயில்லை.

அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். படி ஏறாமல், வாசலுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையிலேயே நின்றுகொண்டு, "தங்கச்சி, கண்டுபிடிச்சிட்டேன். கட்டை ஈரத்துல வீங்கியிருக்கு" என்றார்.

"கண்டுபிடிச்சா கால் வந்துடுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் அவர் மரக்கால் ஒன்று செய்து அனுப்பினார். அதுவும் மழைக்காலத்தில் ஊறி, என் வீட்டுக்காரரின் தோலை உரசிப் புண்ணாக்கியது. ஆகவே ஒவ்வொரு மழைக்கும் அண்ணன் விளக்குக்கரியும் சுரண்டுகத்தியும் கொண்டுவந்து, அஞ்சடியில் உட்கார்ந்து, அழுத்தும் இடத்தைக் கண்டு சுரண்டிக் கொடுப்பார். இவர் உள்ளே கூப்பிடுவார். அவர் வரமாட்டார். மூன்றாவது மழைக்காலத்தில் நான் வெளியே போய், "அண்ணே, காப்பி" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தம்ளரை வாங்கினார். "உள்ள வாங்க" என்றேன். வந்தார். அதன் பிறகு எத்தனையோ பேசினோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

போன ஆண்டு நெஞ்சில் சளி கட்டி, நாற்பது நாள் எங்கள் முன்னறையில் படுத்திருந்தார். கடைசியாக, "மழைக்கு முன்னாடி மாப்பிள்ளை காலுக்கு எண்ணெய் போடச் சொல்லு" என்றார். எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. அவர் அசந்து தூங்குகிறாரே, காலையில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். விடியும்போது அவர் இல்லை.

வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், அன்று பட்டறையை மூடிவிட்டு வெயிலில் கூடவே நடந்து வந்த தவுக்கேக்கும், பாடை சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும், கொள்ளி வைத்த என் மூத்த மகனுக்கும், வண்டியில் ஏற மறுத்து அந்த மரக்காலோடு மயானம் வரை நடந்த என் வீட்டுக்காரருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பத்து நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு கொண்டுவந்த அண்டைவீட்டுப் பெண்களை மறக்க மாட்டேன்.

அண்ணே, உங்கள் மேல் தப்பே இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். அதனால் அதை எழுதவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது போய்ப் பல வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு.