மூக்கைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத ரோசி அக்கா

மேற்கு மாம்பலத்தில் ரோசி அக்கா நடத்திவந்த பியூட்டி பார்லரின் வாட்ஸ்அப் குழுவில், செவ்வாய்க்கிழமை அவர் மகள் இரண்டு வரி போட்டிருந்தாள். "அம்மா காலையில மாரடைப்புல போய்ட்டாங்க. இன்னிக்கி அப்பாயின்ட்மென்ட் வாங்கினவங்க மன்னிக்கணும்." அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். தன் சாவுக்கு அக்காவும் இப்படித்தான் செய்தி போட்டிருப்பார்.

இந்தக் குழுவில் இருக்கும் உங்களுக்கெல்லாம் அவர் புருவம் திருத்தியவர். என் மூக்கைத் திருத்தப் போய்த் தோற்றவர். கொரோனா ஓய்ந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை. மூக்கு இடப்பக்கம் கோணியிருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். தரமணி அலுவலகத்தில் தனியாகச் சாப்பிட்டேன். ஆட்டோக் கண்ணாடி, செல்போன், ஸ்பூன் என்று எது அகப்பட்டாலும் அதில் மூக்கைத்தான் பார்த்தேன். மேக்கப் போட்டாவது நேராக்குங்கள் என்று அக்காவிடம் போனேன். பாவம், அவரும் இடப்பக்கம் லேசாகக் கருமை தீட்டினார். மறுநாள் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று போய் நின்றேன். இப்படியே மூன்று வாரம்.

ஒருநாள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாமா இது? மூக்கு இருந்த எடத்துலதான் கீது. நீ பாக்கறதுதான் நவுந்துக்கினே கீது. நானும் உன்கூட சேந்துக்கினு வரைஞ்சேன் பாரு, அது என் தப்பு."

கடையைச் சாத்திவிட்டு அடையாற்றிலுள்ள மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப்போனார். இது கர்வமோ கிறுக்கோ இல்லை, உள்ள உருவத்தை மனம் கோணலாகக் காட்டும் நோய், சிகிச்சை உண்டு என்றார் மருத்துவர். கண்ணாடி பார்ப்பதைக் குறைக்க வேண்டும். 'நேராக இருக்கிறதா' என்று நான் கேட்டால் யாரும் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் சந்தேகம் இன்னும் வளரும்.

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான் போனால் கண்ணாடிமேல் துண்டைப் போடுவார். மூக்கைப் பற்றிக் கேட்டால், "சாப்ட்டியா?" என்பார். மறுபடி கேட்டால், "இன்னா கொழம்பு?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு தி. நகரில் தம்பியின் கல்யாணம். நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும், சுற்றிலும் கேமரா. முகூர்த்த நேரத்தில் மாடி அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "அக்கா, நீ வராம நான் தாலி கட்ட மாட்டேன்" என்று தம்பி வெளியே நின்றான். கல்யாணத்துக்கு வந்திருந்த ரோசி அக்கா, அவனை மணமேடைக்கு அனுப்பிவிட்டுக் கதவோரம் வந்தார்.

"முடிச்சு போட கைதானேமா வோணும்? மூக்கு இன்னாத்துக்கு?"

"பயமா இருக்குக்கா."

"பயந்துக்கினே வா. பரவால்ல."

மாஸ்க்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். பயத்தில் ஒரு முடிச்சு கூடுதலாகவே போட்டுவிட்டேன். "வுடு, கெட்டியா இருக்கட்டும்" என்றார் அக்கா. மண்டபமே சிரித்தது, நானும் மூடாத முகத்தோடு சிரித்தேன்.

இன்றும் சில காலைகளில் மூக்கு கோணிக்கொள்கிறது. பயந்துகொண்டே கிளம்பிவிடுகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துணிச்சல்தான். புதன்கிழமை அவரை எடுக்கும்வரை ஒரு மணி நேரம் அவர் முகத்தருகே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பும் அதட்டலும் அப்படியே நினைவிருக்கின்றன. அவருடைய மூக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.