இழுக்காதீங்க, ஓட விடுங்க

வலிக்க வலிக்கச் செய்தால்தான் குணமாகும் என்று நம்பி வருகிறவர்களிடம், "வலிக்கவே கூடாது" என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவதுதான் பிசியோதெரபிஸ்ட் தொழில். மலேசியாவில் லுக்குட் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் பதினோரு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். தோள் பிடித்து, கை மரத்து, கிடைத்த எண்ணெயை எல்லாம் தேய்த்துப் பார்த்த உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

எந்த நரம்பு?

முனியாண்டி அண்ணன் புக்கிட் பெலண்டோக் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர். அரிவாள் கட்டிய நீளக் கம்போடு நாள் முழுக்க அண்ணாந்து நின்றதில், வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீர் சுரீர் என்று ஒரு இழுப்பு. டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார். ஒரு மாதத்தில் கம்பைத் தூக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக மேற்பார்வை பார்க்கும் மாண்டோர் சொல்லியாயிற்று. வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும்.

நரம்பு என்று நான் சொன்னதும், கையில் புடைத்திருந்த பச்சை நரம்பைத் தொட்டுக் காட்டினார். "அது ரத்தம் ஓடுறதுண்ணே. நான் சொல்றது கழுத்துல கிளம்பி விரல் வரைக்கும் உள்ளே போகுது. மோட்டார் பிரேக் கேபிள் உறைக்குள்ள ஓடுதில்ல, அதுமாதிரி ஓடணும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்ப என் கேபிளு ஜாமாயிருச்சுன்னு சொல்லுங்கலா, மிஸ்!"

பத்துக்கு நூறு

பயிற்சி சுலபம். கையைப் பக்கவாட்டில் வைத்து, முழங்கையை மெதுவாக நீட்டும்போது தலையை அதே பக்கம் சாய்க்க வேண்டும். மடக்கும்போது தலை நேராக வரும். நீட்டியபடி நிறுத்தக் கூடாது. பத்து தடவை போதும். கடைசியாக, "லேசா இழுக்கிற மாதிரி இருக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அங்கேதான் நான் கெட்டேன்.

மூன்றாம் நாள் மனைவி லெட்சுமி அக்காவோடு வந்தார். காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லையாம். டாக்டரிடம் ஓடினோம். பிடி வலு குறையவில்லை, நரம்பு எரிச்சல்தான் கூடியிருக்கிறது என்றார். என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மரத்துப்போனா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம், மிஸ். நூறு தடவ செஞ்சாரு. நீங்க இழுக்கணும்னு சொன்னீங்களேன்னு, நானும் கையைப் பிடிச்சு நல்லா இழுத்துவிட்டேன்."

பெரட்டில் ஆட்டம்

தப்பு என்னுடையது. இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் ஐந்தே தடவையில் மறுபடி தொடங்கினோம். சுரீர் என்று வருவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும், மரப்பு கூடினால் அன்றைக்கு அதோடு சரி. இழுக்காதீங்க, ஓட விடுங்க என்று இருவரையும் திருப்பிச் சொல்லவைத்தேன்.

மெல்ல மெல்லக் கை வலி இறங்கி வந்தது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதுகூட அண்ணன் ஓரமாக நின்று ஐந்து தடவை செய்தாராம். மாண்டோர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"என்னடா முனியாண்டி, காலையிலயே சாமி வந்துருச்சா?"

லெட்சுமி அக்காவின் புகார்

மாதக் கடைசியில் லெட்சுமி அக்கா போன் செய்தார். கணவர் வெட்டும் குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்குவது அவர் வேலை. குரலில் ஒரே சலிப்பு.

"முதுகு ஒடியுது, மிஸ். குனிஞ்ச தலை நிமிர விடாம வெட்டித் தள்ளுறாரு மனுசன்!"

பதினோரு வருடத்தில் ஒருவருடைய முதுகுவலியைக் கேட்டு நான் துள்ளிக் குதித்தது அன்றைக்கு மட்டும்தான்.