ஜிஷா மடித்த கடல்

எனக்கு ஸ்மிதாவைக் கண்டாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒருதலையாக எழுதினேன் என்று யாரும் குறை சொல்லவேண்டாம்.

ஜிஷா என்னோடு உதியன்குளங்கரை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். குளத்தூர்ப் பக்கம் கடற்கரையில் வீடு, கணவன் நிக்கோலஸ் கடலுக்குப் போகிறவன். ஸ்மிதா அவளோடு பள்ளியில் படித்தவள், இப்போது நெய்யாற்றின்கரையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய், தாளை மடித்தே புத்தகம் செய்யும் வித்தையைக் கற்று வந்தாள். தையல் இல்லை, பசை இல்லை. விரித்தால் மேசை நீளத்துக்கு ஓடும், மூடினால் உள்ளங்கையில் அடங்கும். ஜிஷா அதைப் பார்த்துச் சொக்கிப்போனாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஸ்மிதா வீட்டுக்கு ஓட்டம்தான்.

விசிறி மடிப்பு, திறந்தால் எழுந்து நிற்கும் மடிப்பு எல்லாம் படித்தாள். தாளை ஸ்மிதாவே வாங்கி எடுத்து வைத்திருப்பாள். ஆனால் கெட்டித் தாளை ஜிஷா மடித்தால் மடிப்பு வெடிக்கும். சாயம் உதிர்ந்து வெள்ளை நார் பல்லிளிக்கும். ஸ்மிதா மடித்ததோ கத்திமுனை மாதிரி நிற்கும். உனக்குக் கை கனம் மக்கா, பழகினால் சரியாகும் என்பாள் ஸ்மிதா. இந்தப் பிள்ளையும் நம்பியது. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் பழைய பில்லை மடித்து மடித்துக் கையை இலேசாக்கப் பார்க்கும். எனக்கே பாவமாக இருக்கும்.

இந்த வருஷம் கையால் செய்த புத்தகங்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். அதற்காக ஜிஷா நிக்கோலஸின் கடலைப் புத்தகமாகச் செய்தாள். பதினாறு மடிப்பு, ஒவ்வொன்றிலும் ஓர் அலை எழும்பும், கரை வரவரச் சின்னதாகும். நாலு தடவை செய்தாள், நாலும் வெடித்தது. புத்தகம் கொடுக்கவேண்டிய கடைசி நாளன்று ஸ்மிதா, இதைக் கொண்டுபோய் வைத்து மானம் கெடாதே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதை மட்டும் கொடுத்து வந்தாள். ஜிஷா அன்று கடையில் ஒரு பில்லைக்கூட மடிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, கடைக்கு அட்டை வாங்க நாங்கள் இரண்டு பேரும் நெய்யாற்றின்கரையில் ஒரு பிரஸ்ஸுக்குப் போனோம். அங்கே தாள் வெட்டும் மிஷினில் விஜயதாஸ் அண்ணன் நின்றார். ஜிஷா தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே பையிலிருந்த புத்தகத்தைக் காட்டினாள். அவர் அதன் ஓரத்தில் கொஞ்சம் கிழித்தார். கோணல்மாணலாகப் போனது. மறுபக்கமாகக் கிழித்தார். கோடு போட்டதுபோல் நேராக வந்தது. தாளுக்குள்ளும் நார் ஓடும், அது ஓடுகிற பக்கமாக மடிக்கவேண்டும், குறுக்கே மடித்தால் யார் மடித்தாலும் வெடிக்கும் என்றார்.

"இது ஸ்மிதா டீச்சர் வாங்குற தாளாக்கும். நாரு பாத்து வெட்டினத தனக்குன்னு தனிக்கெட்டா வாங்குவாவ. குறுக்க வெட்டின மிச்சம் படிக்க வாறவளுக்குன்னு சொல்லுவாவ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றவளுக்கா இப்படிக் குழி பறிப்பாள்? ஜிஷா அட்டையைக்கூட வாங்காமல் நேரே ஸ்மிதா வீட்டுக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன்.

ஸ்மிதா முதலில் சொல்ல மறந்துபோனது என்றாள். பிறகு, மிச்சத்தாள் வீணாகவேண்டாமே என்றுதான் கொடுத்தேன் என்றாள். ஜிஷா அந்தப் புத்தகத்தை மேசைமேல் விரித்துவைத்தாள். பதினாறு அலையும் எழுந்து நின்றன. ஸ்மிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வெடிக்காம இருந்தா, பக்கத்துல எனக்க புத்தகத்த ஆரு பாக்கப்போறா?" என்றாள் கடைசியில்.

"அப்போ இது நல்லாயிருக்குன்னு உனக்குத் தெரியும்?"

ஸ்மிதா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டு வருசமா நீ அத ஒருக்கா சொல்லுவியான்னுதான் நான் ஞாயித்துக்கிழமதோறும் வந்தேன்," என்றாள் ஜிஷா. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.