மூன்று சர்வர்களின் இடப் பட்டியல்

இன்று காலை கைப்பேசி "இடமில்லை" என்றது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. எண்பதுகளின் கடைசியிலேயே இதைக் கேட்டு அலுத்தவள் நான்.

அப்போது உப்பளம் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்கள் கோப்புகள் மூன்று சர்வர் கணினிகளில் பிரிந்து கிடந்தன. தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், எதில் என்ன கோப்பு இருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சம் என்று பட்டியல் எடுக்க வேண்டும்.

மேலாளருக்குத் தாளில் கொடுத்தால் போதாது. "மூணு சர்வர்லயும் போட்டு வைம்மா. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்."

ஒரு நாள் மூன்றும் நிரம்பிவிட்டன. பக்கத்து மேசை லட்சுமி காலையிலிருந்து அடித்த அறிக்கையைச் சேமிக்கவே முடியவில்லை.

மதியம்வரை தேடினேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை என் பட்டியல்கள்தான்.

"அழிச்சிடட்டுமா சார்?"

"அய்யய்யோ! மொதல்ல எதெது இருக்குன்னு ஒரு லிஸ்ட் எடுத்துட்டு வா."

லட்சுமி அறிக்கையை முதலிலிருந்து தாளில் எழுத ஆரம்பித்தாள்.

சரி, இன்றைய கைப்பேசிக்கு வருகிறேன். உள்ளே பார்த்தால், "இடமில்லை" என்று வரும்போதெல்லாம் மகனுக்கு அனுப்ப நான் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள்.

அழிக்க மனசு வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?